மீன் தொட்டிக் கண்ணாடியில் கீறல்: தேய்த்து எடுத்தவையும் அப்படியே விட்டவையும்

பின்னணி

120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரமுள்ள நன்னீர்த் தொட்டி. எல்லாப் பக்கமும் 10 மி.மீ. சாதாரண ஃப்ளோட் கண்ணாடி, மூலைகளில் சிலிக்கான் ஒட்டு, மேலே குறுக்காக ஒரு கண்ணாடிப் பட்டை. அடியில் பொடி சிலிக்கா மணல். ஒரு ஏஞ்சல் ஜோடி, டெட்ராக் கூட்டம், நாள் முழுக்க மணலைக் கிளறிக்கொண்டே இருக்கும் கோரிடோராஸ் என்ற அடிமட்ட மீன்கள். தொட்டி சில வருடங்களாக நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரிலும் மீன்களிலும் குறை ஒன்றும் இல்லை.

குறை முன்பக்கக் கண்ணாடியில். மாலையில் விளக்கைப் போட்டால் கண்ணாடி முழுக்கக் கோடு கோடாக மின்னுகிறது, மீனைவிடக் கீறல்தான் கண்ணில் படுகிறது என்றார் உரிமையாளர். எல்லாக் கீறலையும் எடுத்துவிட வேண்டும், எத்தனை நேரம் ஆனாலும் சரி என்பதுதான் அவர் கேட்டது. எங்களை அழைப்பதற்கு முன்பே வெளிப்பக்கத்தில் பற்பசை போட்டுத் தேய்த்துப் பார்த்திருந்தார். பலன் இல்லை. அதில் வியப்பும் இல்லை: பற்பசைகளில் பரவலாக இருக்கும் கால்சியம் கார்பனேட் மோஸ் கடினத்தன்மை அளவில் சுமார் 3, கண்ணாடி சுமார் 5.5. அக்ரிலிக் தொட்டியாக இருந்தால் பற்பசைகூட ஏதோ செய்திருக்கும். கண்ணாடியில் கைதான் வலிக்கும். உள்பக்கம் அதைத் தொடாமல் விட்டது நல்லதாயிற்று. பற்பசையில் உள்ள நுரைப்பொருள் மீனுக்கு ஆகாது.

முதலில் பார்த்தது

தொட்டி நிறைந்திருந்த நிலையிலேயே பார்க்கத் தொடங்கினோம். முதலில் செய்தது தொட்டி விளக்கை அணைத்துவிட்டு அறை விளக்கில் பார்த்ததுதான். கோடுகளில் பெரும்பகுதி காணாமல் போனது. எல்.இ.டி. பட்டை விளக்கு முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. வெளிச்சம் மேலிருந்து கண்ணாடியைத் தடவிக்கொண்டு இறங்கியதால் உள்முகத்தில் இருந்த ஒவ்வொரு கீறலும் தனியாக ஒளிர்ந்தது. இதை உரிமையாளரிடம் காட்டினோம். "அப்போ கீறல் இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் விளக்கு அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்றோம்.

அடுத்து, எந்தக் கீறல் எந்த முகத்தில் இருக்கிறது என்று பிரித்தோம். விரலை ஈரமாக்கி வெளிப்பக்கமாகத் தடவினால், வெளிக்கீறலுக்குள் தண்ணீர் புகுந்து ஒரு கணம் மங்கும், உள்கீறல் மாறாது. சந்தேகமான இடத்தில் சின்ன மார்க்கர் புள்ளி வைத்துவிட்டுத் தலையை இடமும் வலமுமாக அசைத்துப் பார்த்தோம். புள்ளியும் கீறலும் சேர்ந்தே நகர்ந்தால் இரண்டும் ஒரே முகத்தில் இருக்கின்றன என்று பொருள்.

அதன்பின் நக சோதனை. நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே இழுக்கும்போது தடுக்காவிட்டால் மேலோட்டமானது. தடுத்தால், பாலிஷ் மட்டும் போட்டு எடுக்கக் கூடியது அல்ல.

இப்படிப் பிரித்துப் பார்த்ததில் கிடைத்தவை:

நீர்மட்டத்தை ஒட்டிய வெள்ளைக் கோடுகள் கீறலே அல்ல, சுண்ணப் படிவு. வெள்ளை வினிகரில் நனைத்த துணியைச் சற்று நேரம் ஒட்டி வைத்ததும் வெளியே இருந்தவை கரைந்து போயின.

வெளிமுகத்தில், உட்கார்ந்து பார்ப்பவரின் கண் உயரத்தில், ஒரு கை அகலத்துக்கு முடி போன்ற கீறல்கள். உலர்ந்த துணியால் தூசியோடு சேர்த்துத் துடைத்ததால் வந்தவையாக இருக்க வேண்டும். நகம் தடுக்கவில்லை.

அதற்குப் பக்கத்தில் சாய்வாக, விரல் நீளத்தில் ஒன்று. நகம் லேசாக உரசியது. எதனால் வந்தது என்று உரிமையாளருக்கும் நினைவில்லை.

உள்முகத்தின் கீழ்ப்பாதியில் வில் வில்லாக ஏராளமான கீறல்கள். காரணம் சந்தேகத்துக்கு இடமில்லாதது: பாசி துடைக்கும் காந்த கிளீனர், அதாவது கண்ணாடிக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகக் காந்தத்தால் ஒட்டி நகரும் இரு பாதிகள். கோரிடோராஸ் கிளறும் மணல் எழும்பி அதன் பேடில் ஒட்டிக்கொள்ளும். சிலிக்கா மணலின் கடினத்தன்மை 7. ஒரே ஒரு மணல் பேடுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாட்டினாலும், கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமெல்லாம் கோடு விழும். கிளீனரின் உள்பாதியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தோம். பேடின் இழைகளுக்குள் மூன்று நான்கு மணல்கள் நன்றாகப் பதிந்திருந்தன. தட்டினாலும் உதிரவில்லை, ஊசியால் தோண்டித்தான் எடுக்க முடிந்தது.

கடைசியாக, உள்முகத்தில் அடி மூலைக்கு அருகே ஒரு ஆழமான கீறல். ஏறக்குறைய 14 செ.மீ. நீளம், கீழ்முனை சிலிக்கான் ஒட்டிலிருந்து 3 செ.மீ. தூரத்தில் நின்றது. நகம் சிக்கி நின்றது. அந்தப் பள்ளத்துக்குள் பச்சைப்பாசி வரிசையாகக் குடியேறியிருந்ததால் தூரத்திலிருந்தே தெரிந்தது. உரிமையாளரை அதிகம் உறுத்தியது இதுதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் கேள்வி அழகைப் பற்றியது அல்ல, பாதுகாப்பைப் பற்றியது. 45 செ.மீ. ஆழத் தண்ணீர், 120 செ.மீ. நீளக் கண்ணாடியை வெளியே தள்ளும் மொத்த விசை ஏறக்குறைய 120 கிலோ எடைக்குச் சமம். கண்ணாடியின் வலிமையைத் தீர்மானிப்பது அதன் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய குறைகள்தான் என்பதை ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித் 1921-இல் வெளியான ஆய்விலேயே விளக்கிவிட்டார். ஆகவே கீறல் இருக்கும் கண்ணாடியைக் கண்டுகொள்ளாமல் விடவும் முடியாது.

ஆனால் எந்த முகத்தில் கீறல் என்பது முக்கியம். தண்ணீர் தள்ளும்போது கண்ணாடி மிகச் சிறிதளவு வெளிப்பக்கம் வளைகிறது. அப்போது நடுப்பகுதியில் வெளிமுகம் இழுபடும், உள்முகம் அழுத்தப்படும். கீறல் விரிசலாக வளர்வதற்கு இழுவிசை வேண்டும். ஆழமான கீறல் உள்முகத்தில், அதுவும் மூலைக்கு அருகே இருந்தது. கிளை விரியவில்லை, முனைகளில் பிளவு எதுவும் தெரியவில்லை, ஓரங்களில் சில்லுப் பெயரவில்லை. இதே கீறல் வெளிமுகத்தின் நடுவில் இருந்திருந்தால் தேய்ப்பதைப் பற்றிய பேச்சே இருந்திருக்காது, கண்ணாடியை மாற்றச் சொல்லியிருப்போம். இங்கே இரு முனைகளுக்கும் நேராக வெளிப்பக்கம் அடையாளம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, வளர்கிறதா என்று கவனிப்பது போதும் என்று முடிவு செய்தோம்.

அடுத்து, அதைத் தேய்த்து எடுக்கலாமா? வேண்டாம் என்றோம். கண்ணாடியை மெருகேற்றும் நுண்பொடியான சீரியம் ஆக்சைடு போட்டுப் பாலிஷ் செய்தால் எடுபடுவது மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில்தான். நகம் சிக்கும் பள்ளத்தை எடுக்க வேண்டுமானால் முதலில் சிலிக்கன் கார்பைடு தாளால் கண்ணாடியையே அரைத்துத் தாழ்த்தி, படிப்படியாக நுண்ணிய தாளுக்கு வந்து, கடைசியில் சீரியம் போட வேண்டும். பள்ளத்தின் அடிவரை சுற்றியுள்ள கண்ணாடியும் இறங்க வேண்டும், அதுவும் பரந்த இடத்தில் மெல்லச் சரிந்து இறங்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் லென்ஸாகி, பின்னால் உள்ளது நெளிந்து தெரியும். ஒரு பக்கம் சிலிக்கான் ஒட்டு இருக்கும்போது அப்படிப் பரப்ப இடமே இல்லை. பசையைத் தொட்டுவிட்டால் கசிவுக்கும் வழி.

இன்னொரு காரணமும் உண்டு. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. நேராக விழும் ஒளியில், கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் முகம் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கண்ணாடியும் தண்ணீரும் சந்திக்கும் முகம் அரை சதவீதம்கூட அனுப்பாது. அதனால் உள்ளே இருக்கும் கீறலைத் தண்ணீரே பாதி மறைத்துவிடும். மறைக்காமல் போனதற்குக் காரணம் பள்ளத்தில் இருந்த பாசியும் தவறான இடத்தில் இருந்த விளக்கும். இரண்டுக்கும் கண்ணாடியை அரைக்கத் தேவையில்லை.

வெளிமுக முடிக்கீறல்களுக்கும், உள்முக வில்கீறல்களில் ஒட்டிலிருந்து விலகி இருப்பவற்றுக்கும் சீரியம் பாலிஷ் என்று முடிவாயிற்று. நகம் உரசிய அந்த விரல்நீளக் கீறலை முயன்று பார்க்கலாம், ஆனால் உருவம் நெளிய ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துவோம் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம். பேசி வைத்திருக்காவிட்டால் "இன்னும் கொஞ்சம்" என்று போய்க்கொண்டே இருக்கும்.

வெளிமுகத்தை மட்டுமாவது தண்ணீரோடு தேய்க்கலாமே என்று உரிமையாளர் கேட்டார். ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் கண்ணாடியில் டிரில்லை அழுத்தி, சூடும் ஏற்றுவது தேவையற்ற ஆபத்து. டிரில்லின் அதிர்வு மீன்களுக்கும் தாங்காது. முழுக்க வடித்துவிட்டே செய்தோம்.

மீன்களை மாற்றியது

இதில் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. முந்தைய நாள் தீனி நிறுத்தப்பட்டது. மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் பழைய தண்ணீரையே நிரப்பி, ஹீட்டரும் ஏர் பம்பும் வைத்து மீன்களை மாற்றினோம். கேனிஸ்டர் ஃபில்டரை நிறுத்தி வைக்கவில்லை, அதே பிளாஸ்டிக் தொட்டியில் ஓடவிட்டோம். ஓட்டம் நின்றால் அதற்குள் இருக்கும், மீன்கழிவிலிருந்து வரும் அமோனியாவை அகற்றும் பாக்டீரியா சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் இல்லாமல் சாகத் தொடங்கும். கீறலை எடுக்கப் போய் அமோனியாவை வரவழைத்துக்கொள்ளக் கூடாது.

மணலையும் முழுவதுமாக அள்ளி வெளியே எடுத்தோம். பாலிஷ் பேடுக்கு அடியில் ஒரு மணல் போனாலும் எடுப்பதைவிடப் போடும் கீறல் அதிகமாகிவிடும்.

பாலிஷ் போட்டது

தொட்டியைப் பலமுறை கழுவி, உள்ளே மீதமிருந்த சுண்ணப் படிவையும் வினிகரால் எடுத்தோம். ஆழமான கீறலின் பள்ளத்தில் வினிகர் விட்டு, மென்மையான பல்துலக்கும் தூரிகையால் பாசியைத் தேய்த்து வெளியேற்றினோம். சிலிக்கான் ஒட்டுகள் மேல் மாஸ்கிங் டேப், அதற்கு மேல் பிளாஸ்டிக் தாள். தேய்க்க வேண்டிய ஒவ்வொரு கீறலையும் எதிர்முகத்தில் மார்க்கரால் வட்டமிட்டோம். பாலிஷ் குழம்பு பூசியதும் கீறல் கண்ணுக்குத் தெரியாது. எதிர்முகக் குறி ஒன்றே வழிகாட்டி.

சீரியம் ஆக்சைடு பொடியை முகமூடி போட்டுக்கொண்டு தண்ணீரில் கலந்தோம். பதம் நீர்த்த சுவர் பெயிண்ட் போல. வேகம் மாற்றக்கூடிய டிரில்லில் 75 மி.மீ. ஃபெல்ட் பேட், நிமிடத்துக்கு ஏறக்குறைய 1000 சுற்று. ஈரமும் மின்சாரமும் சேரும் வேலை என்பதால் கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு உள்ள இணைப்பிலிருந்துதான் டிரில்லை ஓட்டினோம்.

கீறலின் மேலேயே நிற்காமல், அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பேடை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் தேய்க்க, மற்றவர் எதிர்ப்பக்கம் உள்ளங்கையை வைத்திருந்தார். வெதுவெதுப்பு வரலாம், கையை வைத்திருக்க முடியாத சூடு வந்தால் நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தும்போது அவசரப்பட்டுக் குளிர்ந்த தண்ணீர் அடிக்கக் கூடாது, சூடான கண்ணாடி அதில் விரிசல் விட்டுவிடும். பேட் காய்வதற்கு முன்பே தெளிப்பானால் ஈரம் கொடுத்துக்கொண்டிருந்தோம். பேட் காய ஆரம்பித்தால் சத்தமே மாறும்: மெல்லிய சரசரப்பு போய்ப் பிடித்து இழுக்கிற சத்தம் வரும்.

சில நிமிடங்களுக்கு ஒருமுறை துடைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தோம். அதோடு இன்னொரு சோதனை: டியூப் லைட்டின் பிம்பம் கண்ணாடியில் விழும்படி சாய்வாக நின்று, அந்த நேர்கோட்டைத் தேய்த்த இடத்தின் மேல் மெல்ல நகர்த்திப் பார்ப்பது. கோடு நேராகவே போனால் பரப்பு சமமாக இருக்கிறது. எங்கே கோடு வளைகிறதோ அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது.

வெளிமுக முடிக்கீறல்கள் அரை மணி நேரத்துக்குள் போய்விட்டன. உள்முகத்தில் மேல்பக்கம் இருந்த வில்கீறல்களும் போயின, அதற்குப் பொறுமை அதிகம் தேவைப்பட்டது. அடி ஒட்டிலிருந்து 5 செ.மீ. உயரத்துக்குள் இருந்தவற்றைத் தொடவில்லை. விரல்நீளக் கீறல் பாதியாக மங்கியது. முக்கால் மணி நேரம் தாண்டியபோது டியூப் லைட்டின் பிம்பம் அந்த இடத்தில் மயிரிழை அளவு வளையத் தொடங்கியது. பேசி வைத்தபடி நிறுத்தினோம்.

கழுவி நிரப்பியது

சோப்பு இல்லாமல் தண்ணீராலும் மென்துணியாலும் மட்டுமே கழுவினோம். டேப்பை எடுத்த பிறகு ஒட்டின் ஓரங்களில் வெளிர்நிறமாகக் காய்ந்து ஒட்டியிருந்த பாலிஷை எடுப்பதற்கே நேரம் பிடித்தது. சீரியம் ஆக்சைடு தண்ணீரில் கரைவதில்லை. அதனால்தான் தண்ணீரை ஊற்றிக் கலக்கினால் போகாது, துடைத்தே எடுக்க வேண்டும். ஒருமுறை நிரப்பி, அடி ஓரங்களில் உலர்ந்த செய்தித்தாள் விரித்து இரவு முழுக்க விட்டோம். தாள் நனையவில்லை. அந்தத் தண்ணீரை வடித்து, கழுவிய மணல், பழைய தண்ணீர், ஃபில்டர், மீன் என்று வரிசையாகத் திரும்பின. அடுத்த நாட்களில் அமோனியா சோதனையில் எதுவும் தெரியவில்லை.

விளக்கைத் தொட்டியின் நடுவுக்கும் பின்னுக்கும் இடையில் தள்ளி வைத்தோம்.

பின்னர் தெரிய வந்தது

உரிமையாளரை அதிகம் உறுத்திய ஆழமான கீறல், தொடாமல் விட்டது, நிரப்பியதும் தேடிப் பார்த்தால்தான் தெரிந்தது. பாசி போன பள்ளத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டது, விளக்கும் அதைத் தடவவில்லை. மாறாக, பாதி எடுத்த விரல்நீளக் கீறல் இருந்த இடத்தைக் கடக்கும்போது டெட்ராக்களின் நீலக்கோடு ஒரு கணம் துள்ளிப் போகிறது. வருகிறவர்கள் யாரும் கவனித்ததில்லை. உரிமையாளர் தினமும் கவனிக்கிறார். "கீறலாவே விட்டிருக்கலாம்" என்று ஒருமுறை சொன்னார். எங்கள் கருத்தும் அதுதான்.

காந்த கிளீனர் மணலுக்கு மேல் நான்கு விரல் உயரம்வரை மட்டும் என்று வரையறுத்தார். அதற்குக் கீழே பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழிக்கிறார். பிளாஸ்டிக் கண்ணாடியைவிட மென்மையானது, மணல் மாட்டினாலும் அட்டையை நீட்டியபடி பிடித்திருப்பதால் உடனே கைக்குத் தெரிகிறது. கிளீனரை உள்ளேயே மிதக்கவிடும் வழக்கம் நின்றது. ஒவ்வொரு முறையும் பேடை விரலால் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்.

ஒரு வருடம் நெருங்கும்போது படங்களை ஒப்பிட்டோம். ஆழமான கீறலின் முனைகள் வைத்த குறியிலேயே இருந்தன. பாலிஷ் போட்ட பரப்பில் புது வில்கீறல் இரண்டு, இரண்டும் மெல்லியவை. பள்ளத்தில் பாசி மீண்டும் பிடிக்கிறது. தண்ணீர் மாற்றும் நாளில் தூரிகையால் ஒரு இழு இழுத்தால் போய்விடுகிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வரிசை மாற வேண்டும். விளக்கை நகர்த்துவதும், சுண்ணத்தையும் பாசியையும் எடுப்பதும் தொட்டியை வடிக்காமலேயே செய்யக்கூடியவை. அவற்றைச் செய்துவிட்டு ஒன்றிரண்டு வாரம் பார்த்த பிறகு எது இன்னும் உறுத்துகிறது என்று கேட்டால், பட்டியல் பாதியாகச் சுருங்கும். இந்தத் தொட்டியில் தேய்த்தே தீர வேண்டியது என்று மிஞ்சியிருக்கக்கூடியது வெளிமுக முடிக்கீறல்கள் மட்டும்தான்.

நகம் லேசாக உரசும் கீறலுக்கு இனி சீரியத்தைப் பரிந்துரைக்க மாட்டோம், அது கண்களுக்கு நேரான உயரத்தில் இருந்தால் நிச்சயமாக மாட்டோம். மங்கிய கோட்டைவிட நெளியும் கண்ணாடி அதிகம் தொந்தரவு செய்கிறது. அக்ரிலிக் தொட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது மென்மையானது, நுண்தாள்களால் ஈரமாகத் தேய்த்தே பளபளப்புக்குக் கொண்டுவரலாம்.

அடி ஓரத்தில் விட்டுவைத்த வில்கீறல்களுக்கும் நெளிவுக்கும் ஒரு வழி பாக்கி இருக்கிறது. பின்பக்கக் கண்ணாடியும் அதே அளவு, அதே 10 மி.மீ.; நீலத்தாள் ஒட்டிய பக்கம் என்பதால் யாரும் துடைப்பதில்லை, கீறலும் இல்லை. எப்படியும் ஒருநாள் பழைய சிலிக்கானைப் பிரித்துப் புதிதாக ஒட்ட வேண்டி வரும். அப்போது இரண்டையும் இடம் மாற்றிவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். ஆழமான கீறல் அப்போதும் உள்முகமாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காக அந்தக் கண்ணாடியின் வெளிமுகத்தில், மேல் ஓரத்தில், எந்தப் பக்கம் வெளியே என்று இப்போதே எழுதி வைத்தாயிற்று.